புள்ளிகள் நிறைந்த கையேடு

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

புத்தாண்டு பிறக்கும்போதெல்லாம் நம் உள்ளத்திலும் ஒரு புதிய மனிதன் பிறக்கிறான். பாவம், அவனுக்கு ஆயுள் குறைவு! மார்கழிக் குளிரில் பிறப்பவன் பொங்கல் பானை பொங்குவதற்குள் மறைந்துவிடுகிறான். அதிகாலையில் எழுவேன், அன்றைய பாடத்தை அன்றே படிப்பேன், வீண் செலவு செய்யேன், பொய் சொல்லேன் என்று அவன் செய்த சபதங்கள் மட்டும் நாட்குறிப்பின் முதல் பக்கத்தில் கிடக்கும். அடுத்த பக்கங்களில் கைமாற்றுக் கணக்கு ஏறியிருக்கும்.

யாரையோ குறை கூற இதை எழுதவில்லை. என்னைத்தான் சொல்கிறேன். சென்ற ஆண்டு ஜனவரி முதல் நாள் விடுதி அறையில் அமர்ந்து பத்துத் தீர்மானங்களை எழுதிச் சுவரில் ஒட்டினேன். பன்னிரண்டாம் நாள், பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பும்போது பார்த்தேன். பத்தில் ஒன்றுகூட உயிரோடு இல்லை. வெட்கத்தோடு அந்தத் தாளைக் கிழித்தெறிந்தேன். தாளோடு போயிற்றா? ஏப்ரல் தேர்வில் துணைப்பாடமான கணிதத்தில் தோற்றேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசற்படியை மிதித்த முதல் ஆள் நான். அரியர் என்றால் என்ன என்பதையே வீட்டில் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது.

இந்த நிலையில்தான் சென்ற டிசம்பரில் ஒரு பெரியவரைச் சந்தித்தேன். அவர் மறைந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன! இடிதாங்கியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி வருமாறு எங்கள் பேராசிரியர் பணித்திருந்தார். நூலகத்தில் தேடியபோது, இடிதாங்கியைக் கண்டுபிடித்த பெஞ்சமின் பிராங்க்ளின் தாமே எழுதிய தன்வரலாறு கையில் கிடைத்தது. ஆங்கில நூல்; அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படித்தேன். இடிதாங்கியைத் தேடிப் போன எனக்கு அதில் வேறொரு பொருள் கிடைத்தது. கட்டம் போட்ட ஒரு சிறிய கையேடு அது. அந்தக் கையேட்டின் கதையையும் அதை வைத்திருந்தவரின் கதையையும் நண்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

மெழுகுவத்திக் கடைச் சிறுவன்

வட அமெரிக்காவில் ஆங்கிலேயர் ஆட்சியின்கீழ் இருந்த பாஸ்டன் நகரில் 1706-ஆம் ஆண்டு ஜனவரி 17-ஆம் நாள் பெஞ்சமின் பிறந்தான். தந்தை மெழுகுவத்தியும் சோப்பும் காய்ச்சி விற்பவர். அவருக்குப் பிள்ளைகள் 17 பேர். ஆண் மக்களில் பெஞ்சமினே கடைக்குட்டி. மகனைச் சமய குருவாக்க விரும்பிய தந்தை, எட்டு வயதில் அவனை நல்ல பள்ளியில் சேர்த்தார். ஆனால் இத்தனை வயிறுகளை வைத்துக்கொண்டு செலவு தாங்குமா? ஓராண்டு முடிவதற்குள் அங்கிருந்து எடுத்து, எழுத்தும் கணக்கும் மட்டும் சொல்லித்தரும் சிறு பள்ளிக்கு மாற்றினார். எழுத்து வந்தது, கணக்கு வரவில்லை. பத்து வயதில் படிப்பு நின்றது. திரி நறுக்குவதும், அச்சில் கொழுப்பை ஊற்றுவதும், கடைக்கு ஏவல் செய்வதும் அவன் வேலையாயின.

பிற்காலத்தில் உலகப் பல்கலைக்கழகங்கள் டாக்டர் பட்டம் அளித்துப் போற்றிய விஞ்ஞானி, பள்ளியில் கணக்கில் தோற்றவர்! இந்த வரியைப் படித்தபோது எனக்கு உண்டான ஆறுதலைச் சொல்லி முடியாது. ஆனால் கதை அத்தோடு நிற்கவில்லை. பதினாறு வயதில் தன் கணக்கறிவு குறைவாக இருப்பதை எண்ணி வெட்கப்பட்ட அவன், ஒரு கணக்குப் புத்தகத்தை எடுத்து முதலிலிருந்து இறுதிவரை ஆசிரியர் துணையின்றித் தானே போட்டு முடித்தான். இந்த இரண்டாம் பாதி எனக்கு அவ்வளவு ஆறுதலாக இல்லை. புத்தகத்தை மூடிவிட்டுச் சிறிது நேரம் யோசித்தேன்.

பன்னிரண்டு வயதில் அண்ணன் ஜேம்ஸின் அச்சகத்தில் தொழில் பழகச் சேர்ந்தான் பெஞ்சமின். 21 வயதுவரை அங்கே உழைக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். அச்சுத் தொழிலின் வழியாகப் புத்தகங்கள் கைக்கு எட்டின. மாலையில் இரவல் வாங்கிய நூலை இரவெல்லாம் படித்து விடியற்காலையில் திருப்பிக் கொடுப்பான். நல்ல உரைநடை எழுத ஆசை. லண்டனில் வெளியான ஓர் இதழின் கட்டுரைகளை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையும் சிறு குறிப்பாக எழுதி வைப்பான். சில நாள் கழித்து அந்தக் குறிப்பை வைத்தே கட்டுரையைத் தன் சொற்களில் எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டுப் பிழைகளைத் திருத்துவான். ஆசிரியரும் அவனே, மாணவனும் அவனே!

அந்த நாளில் அவன் எடுத்த ஒரு தீர்மானம் சுவையானது. பதினாறு வயதில் ஒரு நூலைப் படித்துப் புலால் உண்பதை விட்டான். தன் சாப்பாட்டுக்கு ஆகும் பணத்தில் பாதியைக் கையில் கொடுத்துவிட்டால் தானே சமைத்துக்கொள்வதாக அண்ணனிடம் கூறினான். அதிலும் பாதியை மிச்சம் பிடித்துப் புத்தகம் வாங்கினான். மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் கொஞ்சம் ரொட்டியும் உலர்ந்த திராட்சையும் தண்ணீருமாக முடித்துக்கொண்டு அச்சகத்திலேயே அமர்ந்து படித்தான்.

இத்தகைய உறுதியும் ஒருநாள் ஆட்டம் கண்டது. 1723-இல் அண்ணனோடு சண்டையிட்டுக் கொண்டு யாருக்கும் சொல்லாமல் கப்பலேறினான். வழியில் காற்றின்றிக் கப்பல் நின்றபோது மாலுமிகள் மீன் பிடித்து வறுத்தார்கள். வாசனை மூக்கைத் துளைத்தது! கொள்கைக்கும் நாவுக்கும் நடுவே தவித்தவனுக்குத் திடீரென்று ஓர் எண்ணம் வந்தது. மீன்களின் வயிற்றைக் கிழித்தபோது உள்ளே சிறு மீன்கள் இருந்ததைக் கண்டிருக்கிறான். நீங்கள் ஒருவரையொருவர் தின்னும்போது நான் உங்களைத் தின்றால் என்ன என்று தீர்ப்பெழுதிக்கொண்டு வயிறார உண்டான். அறிவுள்ள பிராணியாக இருப்பதில் எவ்வளவு வசதி, செய்ய விரும்பியதற்கெல்லாம் ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொள்ளலாமே என்று முதுமையில் தம்மைத் தாமே கேலி செய்து இதை எழுதியிருக்கிறார். அதிகாலையில் அலாரத்தை அணைத்துவிட்டு, உறக்கம் மூளைக்கு நல்லது என்று எனக்கு நானே வாதாடிய நாட்கள் நினைவுக்கு வந்தன.

பிறர் பணம்

1723 அக்டோபரில் பிலடெல்பியா நகரில் வந்து இறங்கியபோது பெஞ்சமினுக்கு வயது 17. சட்டைப் பைகளில் மாற்று உடைகளைத் திணித்துக்கொண்டு, இரு கக்கங்களிலும் ஒவ்வொரு ரொட்டியை இடுக்கிக்கொண்டு, மூன்றாவதைக் கடித்தபடியே தெருவில் நடந்தான். ஒரு வீட்டு வாசலில் நின்ற பெண் இந்தக் கோலத்தைக் கண்டு வேடிக்கையாக எண்ணினாள். டெபோரா ரீட் என்னும் அந்தப் பெண்ணே பிற்காலத்தில் அவருக்கு மனைவியானார்.

அச்சகத்தில் வேலை கிடைத்தது. கையில் காசும் புரண்டது. அப்போதுதான், தம் வாழ்வின் பெரும் பிழைகளில் ஒன்று என்று அவரே பின்னர் குறித்த செயல் நேர்ந்தது. வெர்னன் என்பவர் தமக்கு வரவேண்டிய 35 பவுன் கடனை வசூலித்து வைத்திருக்கும்படி பெஞ்சமினிடம் ஒப்படைத்திருந்தார். அது பிறர் பணம். பெஞ்சமினுக்குக் காலின்ஸ் என்று ஓர் இளமை நண்பன். படிப்பாளி, ஆனால் குடிக்கு அடிமையாகிவிட்டான். அவன் கேட்கக் கேட்க, மறுக்க மனம் வராமல், வெர்னனின் பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தான் பெஞ்சமின். கடைசியில் காலின்ஸ், பார்படோஸ் தீவில் வேலை கிடைத்திருப்பதாகவும், சம்பளத்திலிருந்து முதல் வேலையாகக் கடனை அனுப்புவதாகவும் உறுதி கூறிக் கப்பலேறினான். அதன்பின் அவனைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. உரியவர் பணத்தைக் கேட்டுவிடுவாரோ என்ற அச்சம் ஆண்டுக்கணக்கில் பெஞ்சமினின் நெஞ்சில் முள்ளாய் இருந்தது.

இந்த இடத்தில் நான் நூலை மூடிவைத்துவிட்டேன். இரண்டு நாள் திறக்கவே இல்லை. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இருபது வயதில் ஒரு திட்டம்

சொந்த அச்சகம் வைக்க உதவுவதாகக் கூறிய ஆளுநர் ஒருவரின் பேச்சை நம்பி, 1724-இன் இறுதியில் லண்டன் சென்றான் பெஞ்சமின். அங்கே போய்ப் பார்த்தால், அவர் தருவதாகச் சொன்ன கடிதம் ஒன்றும் வரவில்லை! கைவிடப்பட்டாலும் கலங்கவில்லை, லண்டன் அச்சகங்களில் கூலிக்கு உழைத்தான். சக தொழிலாளிகள் நாள் முழுதும் பீர் குடித்தார்கள். இவன் தண்ணீர் குடித்துவிட்டு அவர்களைவிட அதிகப் பாரத்தைச் சுமந்து மாடிப்படி ஏறினான். ஆனால் நாடகக் கொட்டகையிலும் நண்பனுக்குக் கொடுத்த கடனிலும் சம்பாத்தியம் கரைந்தது. டென்ஹாம் என்னும் நல்ல வணிகர் வேலை கொடுத்துத் தம்மோடு அழைத்துச் செல்ல, 1726 ஜூலையில் ஊர் திரும்பக் கப்பலேறினான்.

அந்தக் கப்பல் பயணம் பதினொரு வாரத்துக்கு மேல் நீண்டது. கடலையும் வானத்தையும் பார்த்துக்கொண்டு அவன் தன் வாழ்வை எண்ணிப் பார்த்தான். இதுவரை வாழ்ந்தது திட்டமில்லாத வாழ்வு, துண்டு துண்டான காட்சிகளை ஒட்டிய நாடகம் போன்றது என்று தோன்றியது. இனி எப்படி நடப்பது என்று நான்கு தீர்மானங்களை எழுதினான். கடன் தீரும்வரை மிகச் சிக்கனமாக இருப்பது. எப்போதும் உண்மை பேசுவது, நிறைவேற்ற முடியாத நம்பிக்கையை எவருக்கும் ஊட்டாதிருப்பது. எடுத்த தொழிலில் கருத்தூன்றி உழைப்பது, திடீர்ப் பணக்காரனாகும் ஆசையில் அலையாதிருப்பது. எவரைப் பற்றியும் தீயது பேசாதிருப்பது. இவையே அந்த நான்கு.

அப்போது அவனுக்கு வயது என்ன தெரியுமா? இருபது! என் வயது. நான் சுவரில் ஒட்டியவை பத்து. அவன் கப்பலில் எழுதியவை நான்கு. நான்கும் அவன் பட்ட அடிகளிலிருந்து பிறந்தவை. என் பத்தும் பிறரைப் பார்த்து எழுதியவை.

பதின்மூன்று குணங்கள், ஏழு நாட்கள்

ஊர் திரும்பிய பிராங்க்ளின் 1728-இல் ஒரு கூட்டாளியோடு அச்சகம் தொடங்கினார். 1729-இல் ஒரு செய்தித்தாளை வாங்கி நடத்தினார். தெருவில் தாமே கைவண்டியில் காகிதக் கட்டுகளைத் தள்ளிச் செல்வார். வெர்னன் ஒருநாள் தம் பணத்தை நினைவூட்டியபோது மறைக்காமல் ஒப்புக்கொண்டு தவணை கேட்டார். கையில் பணம் சேர்ந்ததும் வட்டியோடும் மிகுந்த நன்றியோடும் திருப்பிக் கொடுத்தார். முதல் தீர்மானம் நிறைவேறியது.

1730-களின் தொடக்கத்தில், குற்றமே இல்லாத மனிதனாகிவிடுவது என்ற துணிச்சலான திட்டத்தில் இறங்கினார். எது நல்லது, எது கெட்டது என்றுதான் தெரியுமே, நல்லதையே செய்துவிட்டால் என்ன என்று எண்ணினார். இறங்கிப் பார்த்ததும் திகைத்தார். ஒரு குற்றத்தைக் காவல் காக்கும்போது மற்றொன்று பின்வாசலால் நுழைந்துவிடுகிறது. நல்லவனாக இருக்க வேண்டும் என்ற விருப்பம் மட்டும் போதாது, பழைய பழக்கத்தை உடைத்துப் புதுப் பழக்கத்தை ஊன்ற ஒரு முறை வேண்டும் என்று உணர்ந்தார். அந்த முறைதான் நான் முதலில் குறிப்பிட்ட கையேடு.

அளவான உணவும் குடியும், வீண்பேச்சின்மை, ஒழுங்கு, உறுதி, சிக்கனம், உழைப்பு, கபடமின்மை, நீதி, மிதம், தூய்மை, மன அமைதி, கற்பொழுக்கம் எனப் பன்னிரண்டு குணங்களை வரிசைப்படுத்தினார். பட்டியலைக் கண்ட நண்பர் ஒருவர், உங்களுக்குக் கர்வம் அதிகம் என்று ஊரே சொல்கிறதே என்று கூறி எடுத்துக்காட்டுகளும் தந்தார். பிராங்க்ளின் கோபிக்கவில்லை, பணிவு என்பதைப் பதின்மூன்றாவதாகச் சேர்த்துக்கொண்டார்.

வரிசையிலும் ஒரு கணக்கு உண்டு. உணவும் குடியும் அளவோடு இருந்தால் தலை தெளியும். தெளிந்த தலைதான் மற்றவற்றுக்குக் காவல் இருக்க முடியும். வாயைக் குறைத்தால் காது வழியாக அறிவு சேரும். ஒழுங்கு வந்தால் நேரம் கிடைக்கும். சிக்கனமும் உழைப்பும் கடனைத் தீர்க்கும். கடனில்லாதவனுக்கு உண்மையாகவும் நேர்மையாகவும் இருப்பது எளிதாகும். ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கு ஏணியாகிறது.

கையேட்டில் ஒரு குணத்துக்கு ஒரு பக்கம். பக்கத்தில் ஏழு நாட்களுக்கு ஏழு பத்திகள்; பதின்மூன்று குணங்களுக்குப் பதின்மூன்று வரிகள். இரவில் அன்றைய நாளை எண்ணிப் பார்த்து, எந்தக் குணத்தில் தவறினாரோ அந்தக் கட்டத்தில் ஒரு கரும்புள்ளி. முதல் வாரம் முதல் குணத்தில் மட்டும் முழுக் கவனம். அந்த வரி புள்ளியின்றி இருக்க வேண்டும். மற்றவற்றில் தவறினால் புள்ளி வைப்பதோடு சரி. அது பழகியதும் அடுத்த வாரம் இரண்டாவதையும் சேர்த்துக் காப்பது. தோட்டக்காரன் எல்லாப் பாத்திகளிலும் ஒரே நாளில் களை பறிப்பதில்லை, ஒரு பாத்தியை முடித்தே மறு பாத்திக்குப் போகிறான் என்பது அவர் தந்த விளக்கம். பதின்மூன்று வாரத்தில் ஒரு சுற்று. ஆண்டுக்கு நான்கு சுற்று.

முதல் சுற்றிலேயே அவருக்கு அதிர்ச்சி. தாம் எண்ணியிருந்ததைவிடத் தம்மிடம் குற்றங்கள் மிகுதி! ஒவ்வொரு சுற்றுக்கும் பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டிக் காகிதமே ஓட்டையாகிவிட்டது. பிறகு தந்தத் தகடுகளில் சிவப்பு மையால் கட்டம் போட்டு, பென்சிலால் புள்ளி வைத்து, ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டார். காலையில் எழுந்ததும் இன்று என்ன நன்மை செய்யலாம் என்றும், இரவில் இன்று என்ன நன்மை செய்தோம் என்றும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்வார்.

புள்ளி விழுந்த கோடரி

பதின்மூன்றையும் அவர் வென்றாரா? இல்லை. அதை மறைக்காமல் எழுதியிருப்பதுதான் அவரிடம் எனக்கு மிகவும் பிடித்தது.

ஒழுங்கு என்ற மூன்றாம் குணம் அவரைக் கடைசிவரை படாதபாடு படுத்தியது. காகிதங்களை அததன் இடத்தில் வைக்க அவருக்கு வரவே இல்லை. பணிவும் அப்படியே. பணிவின் தோற்றத்தைத்தான் பெற்றேன், பணிவை அல்ல என்று ஒப்புக்கொள்கிறார். கர்வத்தை முழுதும் வென்றுவிட்டதாக எண்ணினால் அந்தப் பணிவைப் பற்றியே கர்வம் வந்துவிடுமாம்! ஆயினும் தோற்றத்துக்காகச் செய்த பயிற்சியும் வீண்போகவில்லை. நிச்சயமாக, சந்தேகமின்றி என்ற சொற்களை விட்டுவிட்டு, எனக்கு இப்படித் தோன்றுகிறது என்று பேசப் பழகினார். அவையில் அவர் சொல் எடுபட்டதற்கு அந்தப் பழக்கமே காரணமாயிற்று.

இந்தப் போராட்டத்துக்கு அவர் ஒரு கதை சொல்கிறார். ஒருவன் கொல்லனிடம் கோடரி வாங்கினான். விளிம்பைப் போலவே முழுப் பரப்பும் பளபளக்க வேண்டும் என்றான். நீ சாணைச் சக்கரத்தைச் சுற்றினால் தீட்டித் தருகிறேன் என்றான் கொல்லன். கோடரியின் அகன்ற பக்கத்தைக் கல்லில் அழுத்தி அவன் தீட்ட, சுற்றியவனுக்குத் தோள் இற்றது. அடிக்கொரு தரம் வந்து பார்த்தவன், கடைசியில் இருக்கிறபடியே போதும் என்றான். இன்னும் சுற்று, இப்போது புள்ளி புள்ளியாகத்தானே பளபளக்கிறது என்றான் கொல்லன். அதற்கு அவன், எனக்குப் புள்ளிக் கோடரிதான் பிடிக்கும் என்று சொல்லிவிட்டுப் போனான். முயன்று சலித்தவர்கள் பலரும் இப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள் என்கிறார் பிராங்க்ளின். ஆயினும் தாம் நினைத்த நிறைவை எட்டாவிட்டாலும், முயலாதிருந்தால் இருந்திருக்கக்கூடியதைவிட நல்லவராகவும் மகிழ்ச்சியாகவும் ஆனதாகத் தமது 78-ஆம் வயதில் எழுதினார்.

கையேட்டுக்கு வெளியே

இதற்கிடையே அவர் செய்த பணிகள் உலகறிந்தவை. 1731-இல் நண்பர்களோடு சந்தா சேர்த்து நூலகம் அமைத்தார். 1732-இன் இறுதியில், வரும் புத்தாண்டுக்கான பஞ்சாங்கம் ஒன்றை அச்சிட்டார். திதி, கிரகணங்களுக்கு இடையே கிடைத்த சிறு இடங்களிலெல்லாம் உழைப்பையும் சிக்கனத்தையும் பற்றிய பொன்மொழிகளை நிரப்பினார். கால் நூற்றாண்டு வெளிவந்த அந்தப் பஞ்சாங்கம் ஆண்டுக்குப் பத்தாயிரம் படிகள்வரை விற்றது. 42 வயதில் தொழிலைக் கூட்டாளியிடம் விட்டுவிட்டு மின் ஆராய்ச்சியில் இறங்கினார். நாம் வகுப்பில் சொல்லும் நேர்மின், எதிர்மின் என்ற வழக்கு அவரிடமிருந்து வந்ததே. 1752-இல் காற்றாடி விட்டு மின்னலும் மின்சாரமே என்று காட்டினார். இடிதாங்கி அமைக்கும் முறையைத் தம் பஞ்சாங்கத்திலேயே எல்லோரும் அறிய அச்சிட்டார். 1776-இல் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் ஒப்பமிட்டார். 1787-இல் 81 வயதில் அரசியல் சட்டம் வகுத்த அவையில் அமர்ந்தார்.

ஆனால் அவர் கட்டத்தில் விழாத புள்ளிகளும் உண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. அரசியல் பணிக்காக லண்டனில் பத்தாண்டு தங்கியவர், 1774-இல் மனைவி டெபோரா இறந்தபோதும் கடலுக்கு அப்பால்தான் இருந்தார். அதைவிடப் பெரிய கறை ஒன்று. நீதி என்பதை எட்டாம் குணமாக எழுதிய அவர் வீட்டில் அடிமைகள் இருந்தனர். அவர் செய்தித்தாளில் அடிமை விற்பனை விளம்பரங்கள் வெளிவந்தன. பல்லாண்டுகள் அந்தக் கட்டத்தில் அவர் புள்ளி வைக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத குற்றத்துக்கு யார் புள்ளி வைப்பது? முதுமையில் அவர் கண் திறந்தது. 1787-இல் அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார். 1790 பிப்ரவரியில் அடிமை முறையை ஒழிக்கக் கோரும் விண்ணப்பத்தில் ஒப்பமிட்டு நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார். அன்று அது ஏற்கப்படவில்லை. அதே ஆண்டு ஏப்ரல் 17-ஆம் நாள், 84 வயதில் அவர் மறைந்தார்.

இளமையில் நண்பர்கள் தந்த கடனால் தொழில் தொடங்கியதை அவர் மறக்கவில்லை. பாஸ்டனுக்கும் பிலடெல்பியாவுக்கும் தலா ஆயிரம் பவுன் எழுதிவைத்து, இளம் தொழிலாளிகளுக்குக் கடனாகக் கொடுத்து வட்டியோடு வளர்த்து வரும்படி உயிலில் கேட்டுக்கொண்டார். தவணை எத்தனை ஆண்டு தெரியுமா? இருநூறு! 1990-இல் அந்தத் தவணை முடிந்தபோது பாஸ்டனின் நிதி நாற்பது லட்சம் டாலருக்கு மேல் வளர்ந்திருந்தது.

என் நான்கு வரிகள்

நான் ஏன் நூலை மூடினேன் என்று சொல்வதாகக் கூறினேன் அல்லவா?

என் தந்தையார் சாணை பிடிப்பவர். மிதிவண்டியில் சாணைக்கல்லைப் பூட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று கத்தி, அரிவாள், அரிவாள்மணை தீட்டித் தருபவர். சென்ற அக்டோபரில் தேர்வுக் கட்டணத்துக்காக அவர் கொடுத்த 1,100 ரூபாயை, மிகவும் கெஞ்சிய ஒரு நண்பனுக்குக் கொடுத்துவிட்டேன். இரண்டு நாளில் தருவதாகச் சொன்னவன் படிப்பையே விட்டுவிட்டுப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். கடைசி நாள் நெருங்கியதும் தந்தையாருக்குத் தொலைபேசியில் பேசி, ஆய்வகத்துக்கென்று தனியாகக் கட்டணம் கேட்கிறார்கள் என்று பொய் சொன்னேன். அவர் வட்டிக்கு வாங்கி அனுப்பினார். காலின்ஸின் கதையைப் படித்தபோது எனக்கு மூச்சு முட்டியதில் வியப்பில்லையே!

இந்த ஜனவரி முதல் நாள் நானும் ஒரு நோட்டில் கட்டம் போட்டேன். பதின்மூன்று என்னால் ஆகாது. உண்மை, நாள்தோறும் ஒரு மணி நேரம் கணிதம், காசுக் கணக்கு, கைப்பேசியில் கட்டுப்பாடு என நான்கே வரிகள். வாரத்துக்கு ஒன்றில் கவனம். நான்கு வாரத்தில் ஒரு சுற்று. ஆண்டுக்குப் பதின்மூன்று சுற்று. முதல் வாரம் உண்மை. அந்த வாரம் நான் யாரிடமும் பொய் பேசவில்லை. ஆனாலும் ஒவ்வோர் இரவும் பேனா அந்தக் கட்டத்தில் நின்றது. பழைய பொய் அப்படியே இருக்கும்போது கட்டத்தை எப்படி வெறுமையாக விடுவது? ஏழு நாளும் ஏழு புள்ளி.

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். அறுவடைக் காலம், அரிவாள்கள் குவிந்திருந்தன. தந்தையார் தீட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். மிதித்துக்கொண்டிருந்த கால் நின்றது. வெகுநேரம் அவர் என்னைப் பார்க்கவில்லை. பிறகு, வட்டிக்குக் கொடுத்தவர் வீட்டுக்கு என்னையும் கூட்டிச் சென்று, கடன் பாக்கி எவ்வளவு என்று என் காதால் கேட்கச் செய்தார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திராது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறப் போகிறேன். இதுவரை 700 ரூபாய் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.

ஊரிலிருந்து கிளம்பும் நாளன்று தந்தையாருக்குப் புள்ளிக் கோடரிக் கதையைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். கோடரியின் பக்கமெல்லாம் தீட்டுவது இரும்பைத் தின்பதற்குத்தான் ஆகும், வெட்டுவது விளிம்புதான் என்றார். பிறகு இன்னொன்றும் சொன்னார். எந்த அரிவாளும் ஒருமுறை தீட்டியதோடு முடிவதில்லையாம். வெட்ட வெட்ட மழுங்கத்தான் செய்யும். மழுங்கியதைப் பார்த்து மறுபடி கொண்டுவருபவர்களால்தான் நம் வீட்டில் அடுப்பு எரிகிறது என்றார். பிராங்க்ளினின் பெயரைக்கூட அறியாத என் தந்தையார், அவருடைய கையேட்டின் பொருளை எனக்கு விளக்கிவிட்டார்.

நண்பர்களே! இதை எழுதும்போது என் நோட்டில் ஏழாவது வாரம் நடக்கிறது. கணித வரியில் இந்த வாரம் மட்டும் மூன்று புள்ளிகள். கைப்பேசி வரியைப் பற்றிக் கேட்காதீர்கள்! உண்மை வரி இப்போது பெரும்பாலும் வெறுமையாக இருக்கிறது. சென்ற ஆண்டைப் போல் இந்தத் தாளைக் கிழித்தெறியத் தோன்றவில்லை. இன்றிரவும் புள்ளி வைப்பேன். நாளைக் காலை கணிதப் புத்தகத்தைத் திறப்பேன். ஏப்ரல் தேர்வுக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன.